ராக் ஐலண்டிலிருந்து வந்த குவார்ட்டர்பேக்

சின்சினாட்டி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்கு இலினாய் மாநிலத்து அகஸ்டானா கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது என்று படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியை உனக்கு முழுவதும் சொல்லிவிட முடியாது. அதே கடிதத்தில், யாரும் பெயர் கேள்விப்படாத சின்னக் கல்லூரியாயிற்றே, அங்கே படித்து யாராவது பெரிய நிலைக்கு வந்திருக்கிறார்களா என்று கவலையோடு கேட்டிருந்தாய். அறிஞர்கள், மருத்துவர்கள் பட்டியலைக் கல்லூரிக்காரர்களே உனக்கு அனுப்புவார்கள். இந்தச் சின்சினாட்டி நகரில் நடுத்தர வயதைத் தாண்டிய எவரிடம் அகஸ்டானா என்று சொன்னாலும் அவர் உடனே சொல்லும் பெயர் ஒன்றுதான்: கென் ஆண்டர்சன். இந்த ஊரின் பெங்கால்ஸ் அணிக்குப் பதினாறு பருவங்கள் ஆடிய அமெரிக்கக் கால்பந்து வீரர் அவர். இங்கு வந்த புதிதில் உடன் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் அவரைப் பற்றி எனக்குச் சொல்லத் தொடங்கினார். பிறகு பழைய ஆட்டப் பதிவுகளை நானே தேடிப் பார்த்தேன். இன்று எனக்கு அந்த விளையாட்டில் மிகவும் பிடித்த ஆட்டக்காரர் அவர்தான். ஆகவே உன் கேள்விக்கு அவருடைய கதையையே பதிலாக எழுதுகிறேன்.

அகஸ்டானா, மிசிசிப்பி ஆற்றங்கரையில் ராக் ஐலண்ட் என்ற ஊரில் இருக்கிறது. வடக்கிலிருந்து தெற்கே ஓடும் அந்த மாபெரும் ஆறு அந்த இடத்தில் மேற்கு நோக்கித் திரும்பி ஓடுகிறது. அக்கரையில் அயோவா மாநிலம். ஸ்வீடனிலிருந்து குடியேறிய லூத்தரன் சபையினர் 1860-இல் தொடங்கிய கல்லூரி அது. இரண்டாயிரத்துச் சொச்சம் மாணவர்கள் படிக்கும் இடம். லட்சம் பேர் உட்காரும் மைதானம் வைத்திருக்கும் ஓஹையோ ஸ்டேட், மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்களோடு அதை ஒப்பிடவே முடியாது. இப்போது அது ‘டிவிஷன் மூன்று’ எனப்படும் அடுக்கில் ஆடுகிறது. அந்த அடுக்கில் விளையாட்டுக்கென்று உதவித்தொகை கிடையாது. பையன்கள் படிக்க வருகிறார்கள், கூடவே ஆடுகிறார்கள். உன் பேரனுக்கு அந்தச் சூழல் நன்மையே செய்யும் என்று நான் நம்புகிறேன்.

ஆண்டர்சன் 1949-இல் சிகாகோவுக்கு மேற்கே உள்ள பட்டேவியா என்ற சிற்றூரில் பிறந்தார். பின்னாளில் கூடைப்பந்தில் பெரும் புகழ் பெற்ற டான் இஸ்ஸலும் அதே ஊர்ப் பையன்தான். ஆண்டர்சன் அகஸ்டானாவில் கணிதம் படித்தார். கால்பந்தோடு கூடைப்பந்தும் ஆடினார். நாட்டின் கண்களில் படாத ஓர் ஊரில், படாத ஓர் அடுக்கில் இதெல்லாம் நடந்தது. சின்னக் கல்லூரி ஆட்டக்காரன் எதிர்கொள்ளும் முதல் தடையே இதுதான். அவன் நன்றாக ஆடினால், எதிரே நின்றவர்கள் பலவீனமானவர்கள் என்பார்கள். மோசமாக ஆடினால் பேச்சே இல்லை. எண்களைப் பார்த்து அவனை எடைபோட முடியாது. யாராவது நேரில் போய், அவன் கால் வைக்கும் விதத்தையும் பந்து கையை விட்டுப் புறப்படும் விதத்தையும் உற்றுப் பார்த்தால்தான் உண்டு.

ஆண்டர்சனின் நல்ல காலம், அப்படிப் பார்க்கத் தெரிந்த ஓர் அணி இருந்தது. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறை வைத்து ஒவ்வொருவராக எடுத்துக்கொள்ளும் ‘டிராஃப்ட்’ என்ற தேர்வு ஆண்டுதோறும் நடக்கும். 1971-இல் அந்தத் தேர்வின் முதல் மூன்று இடங்களுமே குவார்ட்டர்பேக்குகளுக்குப் போயின: ஜிம் பிளங்கெட், ஆர்ச்சி மேனிங், டான் பாஸ்டரினி. ஆண்டர்சனைப் பெங்கால்ஸ் அணி மூன்றாம் சுற்றில், 67-ஆவது ஆளாக எடுத்தது. அந்த அணியை நிறுவிப் பயிற்சியும் அளித்து வந்த பால் பிரவுன், இந்த விளையாட்டின் பயிற்சி முறையையே மாற்றியமைத்தவர்களுள் ஒருவர். அவருடைய உதவிப் பயிற்சியாளர்களில் பில் வால்ஷ் என்றொருவர் இருந்தார். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள். கதை மறுபடியும் இவரிடம்தான் வந்து நிற்கும்.

குவார்ட்டர்பேக்கின் வேலை என்னவென்று உனக்குச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு முறையும் பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரணியின் தடியர்கள் தம்மைச் சாய்க்க ஓடிவரும் இரண்டு மூன்று விநாடிக்குள், பந்தை ஓடுபவரிடம் கொடுப்பதா, தூரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நான்கைந்து பேரில் ஒருவருக்கு எறிவதா என்று அவர் முடிவு செய்ய வேண்டும். நான்கு முயற்சிக்குள் அணி பத்து யார்டு முன்னேறியாக வேண்டும். தவறினால் பந்து எதிரணிக்குப் போய்விடும். அந்தக் காலத்தில் பெரும்பாலான அணிகளின் எண்ணம், ஓடி ஓடி எதிரியைக் களைப்பாக்கி, பிறகு எப்போதாவது நீளமாக ஒரு பந்தை வீசுவது என்பதாகவே இருந்தது. பெங்கால்ஸுக்கும் முதலில் அப்படிப்பட்ட வலிய கை ஒன்று வாய்த்திருந்தது. 1969-இல் வந்த கிரெக் குக் என்ற இளைஞர் முதல் பருவத்திலேயே எல்லோரையும் வியக்க வைத்தார். ஆனால் அதே பருவத்தில் தோள் கிழிந்தது, அவருடைய ஆட்ட வாழ்வே ஏறக்குறைய அத்தோடு முடிந்தது. அவருக்குப் பதில் வந்த வர்ஜில் கார்ட்டருக்குக் கூர்மையான புத்தி இருந்தது, கையில் பலம் குறைவு. ஆகவே வால்ஷ், கார்ட்டருக்கு ஏற்றபடி ஆட்டத்தையே மாற்றினார். குறுகிய தூர எறிதல்கள், ஒவ்வோர் எறிதலுக்கும் இத்தனை அடி பின்வாங்க வேண்டும் என்ற கணக்கு, இவர் இல்லாவிட்டால் அவர், அவரும் இல்லாவிட்டால் இன்னொருவர் என்று பார்வை போக வேண்டிய வரிசை, மைதானத்தை நீளவாக்கில் அல்லாமல் அகலவாக்கில் விரித்து ஆடுவது என்று அது உருவாயிற்று. பிற்காலத்தில் ‘வெஸ்ட் கோஸ்ட்’ முறை என்ற பெயரில் உலகறிந்ததும், இன்று எல்லா அணிகளிலும் ஏதோ ஒரு வடிவில் வாழ்வதும் இந்த முறைதான். அது பிறந்தது மேற்குக் கரையில் இல்லை. ஓஹையோ ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊரில்.

இந்த முறைக்கு ஆண்டர்சனைவிடப் பொருத்தமான மாணவர் கிடைத்திருக்க முடியாது என்பது என் உறுதியான கருத்து. அவருக்குப் போதுமான பலம் இருந்தது. அதற்கு மேல் துல்லியமும் பொறுமையும் இருந்தன. வால்ஷ் அவருடைய கால் அசைவுகளை அடிப்படையிலிருந்து திருத்தினார். பின்வாங்கும் கடைசி அடி ஊன்றும்போதே பந்து கையை விட்டுக் கிளம்ப வேண்டும். பெறுபவர் திரும்பிப் பார்ப்பதற்கு முன்பே அது காற்றில் இருக்க வேண்டும். நாதஸ்வரக்காரரும் தவில்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே தீர்மானத்தில் வந்து சேர்வார்களே, அந்த மாதிரி. 1972-இல் ஆண்டர்சன் அணியின் முதன்மைக் குவார்ட்டர்பேக் ஆனார். அடுத்த ஆண்டு ஐசக் கர்ட்டிஸ் என்ற, எறியும் பந்தைப் பெறும் மின்னல் வேக ‘ரிசீவரும்’ வந்து சேர்ந்தார்.

1974-ஆம் ஆண்டு நவம்பர் 10 அன்று பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணிக்கு எதிராக ஆண்டர்சன் எறிந்த 22 பந்துகளில் 20 கைசேர்ந்தன. அந்த ஸ்டீலர்ஸ் அணிதான் அந்தப் பருவத்தின் முடிவில், தொழில்முறை அணிகளின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. அதன் தடுப்பு வரிசை இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே மிகக் கொடியவற்றுள் ஒன்று. 1975 நவம்பரில் ஒரு திங்கட்கிழமை இரவு, நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்க, பஃபலோ அணிக்கு எதிராக 447 யார்டு எறிந்தார். 1974, 1975 இரண்டு ஆண்டுகளிலும் ‘பாஸர் ரேட்டிங்’ என்ற அளவில் முழு லீகிலும் முதலிடம் அவருக்கே. கைசேர்ந்த எறிதல்களின் விழுக்காடு, ஓர் எறிதலுக்குச் சராசரியாக எத்தனை யார்டு, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்து சேரும் ‘டச்டவுன்’ எத்தனை, எதிரணியிடம் பறிகொடுத்தவை எத்தனை என்ற நான்கையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும்: 1978-இல் லீக் விதிகளை மாற்றி, ரிசீவர்களை ஐந்து யார்டுக்கு அப்பால் இடித்துத் தள்ளக்கூடாது என்று தடுத்த பிறகுதான் எறிந்து ஆடுவது எளிதாயிற்று. ஆண்டர்சனின் முதல் இரண்டு முதலிடங்களும் அந்தச் சலுகை இல்லாத காலத்தவை.

பிறகு சரிவு வந்தது. 1975 பருவம் முடிந்ததும் பால் பிரவுன் பயிற்சியாளர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று, தமக்குப் பதிலாக இன்னோர் உதவியாளரை அமர்த்தினார். தமக்குத்தான் அந்த இடம் என்று நம்பியிருந்த வால்ஷ் மனம் நொந்து ஊரை விட்டுப் போனார். ஆண்டர்சனுக்கு ஆசிரியர் போனார்; அணியும் தளர்ந்தது. 1978, 1979 இரு பருவங்களிலும் பெங்கால்ஸ் வென்றது நான்கு நான்கு ஆட்டங்களே. ஆண்டர்சனின் இடத்துக்கென்று 1979 தேர்வில் மூன்றாவது ஆளாக ஜாக் தாம்ப்சனை நிர்வாகம் எடுத்தது. 1981-ஆம் ஆண்டின் முதல் ஆட்டத்தில் சியாட்டிலிடம் 21–0 என்று பின்தங்கியபோது, சொந்த ஊர்க் கூட்டமே ஆண்டர்சனைப் பார்த்துக் கூச்சலிட்டது. பயிற்சியாளர் ஃபாரஸ்ட் கிரெக் அவரை வெளியே அழைத்து, டர்க் ஷோனர்ட்டை இறக்கினார்; ஷோனர்ட் அந்த ஆட்டத்தை 27–21 என்று வென்றும் காட்டினார். முப்பத்திரண்டு வயது ஆட்டக்காரரின் கதை அன்று முடிந்திருக்கலாம். ஆனால் கிரெக் அடுத்த வாரம் ஆண்டர்சனையே திரும்ப இறக்கினார். அவர் அந்தப் பருவம் முழுவதும் ஆடி, 3,754 யார்டு எறிந்து, 29 டச்டவுன்களுக்குப் பத்தே பந்துகளைப் பறிகொடுத்து, லீகின் மிக மதிப்புமிக்க வீரர் விருதைப் பெற்றார். பெங்கால்ஸ் பன்னிரண்டு ஆட்டங்களில் வென்றது.

1982 ஜனவரி 10 அன்று இங்கே ஆற்றோரத்து ரிவர்ஃப்ரன்ட் மைதானத்தில் சான் டியேகோ அணியோடு நடந்த ஆட்டத்தை இந்த ஊர்க்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். வெப்பநிலை செல்சியஸில் பூஜ்யத்துக்குக் கீழே 23 பாகை. அதற்கு மேல் வெட்டும் காற்று. பெங்கால்ஸின் முன்வரிசைத் தடியர்கள் அந்தக் குளிரில் கையில்லாத சட்டையோடு வந்து நின்றார்கள். கல்லாய் உறைந்த பந்தைக் கையில் பிடிப்பதே பாடு என்ற நிலையில் ஆண்டர்சன் 22 எறிதல்களில் 14-ஐக் கைசேர்த்தார், இரண்டு டச்டவுன், ஒன்றைக்கூடப் பறிகொடுக்கவில்லை. அணி 27–7 என்று வென்று, வரலாற்றில் முதன்முறையாகச் சூப்பர் பவுலுக்குப் போயிற்று. அந்த மைதானத்தை 2002-இல் இடித்துவிட்டார்கள்.

சூப்பர் பவுலில் எதிரே நின்ற அணி சான் பிரான்சிஸ்கோ. அதன் பயிற்சியாளர் பில் வால்ஷ். ஆண்டர்சனுக்குக் கால் வைக்கக் கற்றுக்கொடுத்த அதே வால்ஷ், அதே முறையை ஜோ மான்டானா என்ற இளைஞருக்குக் கற்றுக்கொடுத்து அழைத்து வந்திருந்தார். 1982 ஜனவரி 24, மிச்சிகனில் பான்டியாக் நகரின் கூரை வேய்ந்த மைதானம். தொடக்க உதையிலேயே சான் பிரான்சிஸ்கோ பந்தைத் தவறவிட்டது. பெங்கால்ஸ் எல்லைக் கோட்டை நெருங்கிவிட்டது. அங்கே ஆண்டர்சன் கர்ட்டிஸுக்கு எறிந்த பந்தை டுவைட் ஹிக்ஸ் பறித்துவிட்டார். அது ஆண்டர்சனின் பிழை என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. இடைவேளையின்போது சான் பிரான்சிஸ்கோ 20–0 என்று முன்னால் இருந்தது.

அடுத்த பாதியை நீ பார்க்க வேண்டும். முதல் வாய்ப்பிலேயே ஆண்டர்சன் அணியை மைதானம் முழுக்க நகர்த்திச் சென்று, தாமே ஓடி டச்டவுன் எடுத்தார். பிறகு காலின்ஸ்வொர்த் என்ற ரிசீவருக்கு ஒரு நீண்ட பந்து. கோட்டுக்கு மூன்று யார்டு தூரத்தில் நான்கு முயற்சிகள் கைவசம். முதல் முயற்சியில் பீட் ஜான்சன் என்ற மலை போன்ற ஆட்டக்காரர் இரண்டு யார்டு முன்னேறினார். இரண்டாவதில் ஓர் அங்குலமும் நகரவில்லை. மூன்றாவதில் ஆண்டர்சன் பக்கவாட்டில் ஓடிய சார்லஸ் அலெக்சாண்டருக்கு எறிந்தார், பந்து கைசேர்ந்தது, ஆனால் டான் பன்ஸ் என்ற தடுப்பாளர் அதே கணத்தில் அவரைக் கட்டிப் பிடித்துக் கோட்டுக்கு முன்பாகவே சாய்த்துவிட்டார். நான்காவதில் மீண்டும் ஜான்சன், மீண்டும் மனிதச் சுவர். ஏழு புள்ளிகள் அங்கே போயின. அதன் பிறகும் ஆண்டர்சன் ஓயவில்லை. டான் ராஸுக்கு ஒரு டச்டவுன், கடைசி இருபது விநாடிக்குள் அவருக்கே இன்னொன்று. முடிவில் சான் பிரான்சிஸ்கோ 26–21 என்று வென்றது. ஆண்டர்சன் 34 எறிதல்களில் 25-ஐக் கைசேர்த்து 300 யார்டு எடுத்தார். 25 என்பது அன்றைக்குச் சூப்பர் பவுல் சாதனை. மொத்தக் கணக்கில் பெங்கால்ஸ் 356 யார்டு, வென்ற அணி 275. மான்டானா எறிந்தது 157 யார்டு. ஆட்டநாயகன் விருது அவருக்குப் போயிற்று.

அடுத்த பருவம் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் ஒன்பது ஆட்டங்களாகச் சுருங்கியது. அதில் ஆண்டர்சனின் எறிதல்களில் நூற்றுக்கு 70.6 கைசேர்ந்தன. சாமி பா என்ற பழைய குவார்ட்டர்பேக் 1945-இல் படைத்த சாதனையை அது முறியடித்தது. 2009-இல் டிரூ பிரீஸ் நூலிழையில் தாண்டும் வரை நிலைத்தது. விதி தளர்ந்து, கை சேர்ப்பதே தொழிலாகிப்போன காலத்தில்கூட அதைத் தொட இருபத்தேழு ஆண்டு பிடித்தது என்பதை யோசித்துப் பார். 1981, 1982 இரண்டிலும் மறுபடி ரேட்டிங் முதலிடம். ஆக மொத்தம் நான்கு முறை. 1986-இல் ஓய்வு பெற்றபோது 32,838 யார்டும் 197 டச்டவுன்களும் அவர் கணக்கில் இருந்தன, பறிகொடுத்தவை 160.

இப்போது என் மனத்தாங்கலைச் சொல்கிறேன். ஓஹையோவில் கான்டன் என்ற ஊரில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ் மண்டபம் இருக்கிறது. ஆண்டர்சன் 1996-இலும் 1998-இலும் அதன் இறுதிப் பட்டியல் வரை வந்தார். இரண்டு முறையும் தேர்வாகவில்லை. அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஜோ நேமத் 173 டச்டவுன்களுக்கு 220 பந்துகளைப் பறிகொடுத்தவர்; கென் ஸ்டேப்ளர் 194-க்கு 222. இருவரும் உள்ளே இருக்கிறார்கள். அவர்கள் தகுதியற்றவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சூப்பர் பவுல் வென்றவர்கள், தங்கள் காலத்தின் முகங்களாக இருந்தவர்கள். ஆனால் எறிவதுதான் குவார்ட்டர்பேக்கின் தொழில் என்றால், அந்தத் தொழிலில் ஆண்டர்சன் அவர்களைவிட ஒரு படி மேலே நின்றவர். பிட்ஸ்பர்க்கின் குவார்ட்டர்பேக் டெரி பிராட்ஷாவுக்குப் பின்னால் ஸ்டீலர்ஸின் தடுப்பு வரிசை இருந்தது. ஆண்டர்சனோ ஆண்டுக்கு இரண்டு முறை அதே வரிசையை எதிரே நின்று சந்தித்தார். எட்டாமல் போன ஒரு யார்டை வைத்துப் பதினாறு பருவ உழைப்பை அளப்பது நியாயம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. இந்த ஊர் அவரை மறக்கவில்லை. 2021-இல் பெங்கால்ஸ் தன் மைதானத்தில் சிறந்தவர்களின் பெயர்களைப் பொறிக்கத் தொடங்கியபோது, பால் பிரவுனோடும் அந்தோனி முன்யோஸோடும் கென் ரைலியோடும் முதல் வரிசையிலேயே அவர் பெயரையும் பொறித்தது.

ஆடிக்கொண்டிருந்த காலத்திலேயே இந்தப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சட்டம் படித்துப் பட்டம் பெற்றார் என்பதை உன் பேரனிடம் மறக்காமல் சொல். ஓய்வுக்குப் பின் வானொலி வர்ணனை. பிறகு பெங்கால்ஸ், ஜாக்சன்வில் அணிகளில் பயிற்சியாளர் பணி. அதன் பின் அவர் இளமையில் எதிர்த்து ஆடிய அதே பிட்ஸ்பர்க்கில் குவார்ட்டர்பேக் பயிற்சியாளர். 2009 பிப்ரவரியில் அந்த அணி அரிசோனாவை 27–23 என்று வென்று சூப்பர் பவுலைக் கைப்பற்றியபோது, ஆட்டக்காரராக எட்டாத மோதிரம் ஆசிரியராக அவர் கைக்கு வந்தது. அன்று எதிரணியின் குவார்ட்டர்பேக்காக நின்ற கர்ட் வார்னரும் ஒரு சின்னக் கல்லூரிக்காரர்தான். வடக்கு அயோவாவில் படித்துவிட்டு, எந்த அணியும் எடுத்துக்கொள்ளாததால் பலசரக்குக் கடையில் சாமான் அடுக்கி, பிறகு உச்சிக்கு வந்தவர். அவர் கதை தனிக் கடிதத்துக்கு உரியது. ஆண்டர்சன் இப்போது தம் பெயரில் ஓர் அமைப்பு வைத்து, மனவளர்ச்சிக் குறைபாடுள்ள பெரியவர்கள் தங்குமிடமும் வேலையும் துணையும் பெற உதவி வருகிறார்.

பேரன் ஊருக்கு வரும்போது அவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அந்த 1982 சூப்பர் பவுலின் இரண்டாம் பாதியைப் பார். விதிகள் புரியாவிட்டால் அவன் விளக்குவான். கோட்டருகில் நடக்கும் நான்கு முயற்சிகளையும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துவிட்டு எனக்கு எழுது: நான்காவது முயற்சியில் பந்தைப் பீட் ஜான்சனிடம் கொடுத்தது சரியா? ஜான்சன் அந்தப் பருவம் முழுவதும் அப்படிப்பட்ட இடங்களில் கோட்டைத் தாண்டியவர். ஆகவே கிரெக்கைக் குறை சொல்ல முடியாது என்று இங்கே பலர் வாதாடுகிறார்கள். நானாக இருந்தால் அந்தக் கடைசி முயற்சியை ஆண்டர்சன் எறியட்டும் என்றுதான் விட்டிருப்பேன்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

உன் அன்பு நண்பன்